கலர் படம் ஓடினால் கணக்கு சரியாகி விடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னைச் சந்திக்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், லெட்டர் டைப் செய்கிறோம். இதற்கு மேல் இதனை வைத்து வீட்டில் என்ன செய்திட முடியும்?" இந்தக் கேள்விக்கு இதுவரை நான் சொல்லி வந்த பதில், "வரவு செலவுக் கணக்கு எழுதிப் பழகுங்கள்" என்பதுதான். இந்த ஆண்டு முதல் என் பதிலை மாற்றிக் கொண்டேன். "யாராவது உங்களிடம் பணம் கேட்டு, கம்ப்யூட்டரில் எதையாவது ஓட்டிக் காட்டினால், அதே விஷயத்தை உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்கிறேன்.

ஏன் இந்த மாற்றம் என்று சொல்கிறேன். விஷயம் கொஞ்சம் புதியது. ஆனால் கஷ்டமானது இல்லை. எக்ஸெல் தெரிந்தால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம்.

அத்தான் கொண்டு வந்த நோட்டீஸ்

எனக்குக் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அந்தக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்து விற்பதுதான் எங்கள் பக்கம் பல குடும்பங்களுக்கு வருமானம். என் அக்காவின் கணவரும் கரிமூட்டம் போடுகிறவர்தான்.

2023 மார்ச்சில் மத்திய அரசு ஏழு மாநிலங்களில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தது. தமிழ்நாட்டிற்கு உரியது விருதுநகர் மாவட்டத்தில், இ.குமாரலிங்கபுரத்தில். அறிவிப்பு வந்த பின் எங்கள் பக்கம் புது ஆட்கள் நடமாட்டம் அதிகம். நிலம் கேட்டு வருபவர்கள், வேலை வாங்கித் தருவதாக வருபவர்கள், மெஷின் விற்க வருபவர்கள் எனப் பல வகை.

அப்படி வந்த ஒருவர் அத்தானிடம் ஒரு நோட்டீஸைக் கொடுத்து, லேப்டாப்பில் ஒரு படத்தையும் ஓட்டிக் காட்டியிருக்கிறார். கருவேலங்கரியை வாயுவாக மாற்றி, அதனை "சாலிட் ஆக்ஸைடு ப்யூவல் செல்" என்ற கருவிக்குள் செலுத்தினால் கரன்ட் வரும். என்ஜின் கிடையாது, சத்தம் கிடையாது. திறன் 80 சதவீதம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 0.6 வாட் தரும். முன்பணம் இரண்டு லட்சம் கட்டினால் முதல் பட்டியலில் பெயர் வரும்.

அத்தான் என்னிடம் வந்தபோது அக்காவின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைக்கப் பேசி முடித்திருந்தார். "மாப்பிள்ளே, நான் கண்ணால பாத்தேன். உள்ள எங்க சூடு, எங்க கரன்ட்டுனு செவப்பு, பச்சை, நீலம்னு ஓடிக் காட்டுச்சு. கம்ப்யூட்டர்ல ஓடுறது பொய்யா இருக்குமா?" என்றார்.

வாசகர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்திற்கான பதில்தான்.

முதலில் என் கதை

அத்தானைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2008ல் நான் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம் தொடங்கினேன். தொடங்கும் முன் எக்ஸெல்லில் ஒரு ஷீட் தயார் செய்தேன். மாதம் 40 மாணவர் சேருவார்கள்; கட்டணம் இவ்வளவு; வாடகை, கரன்ட் பில், கம்ப்யூட்டர் தவணை போக மீதி இவ்வளவு. சார்ட் போட்டதும் கோடு அழகாக மேலே ஏறியது. அதனைப் பிரிண்ட் எடுத்து வீட்டில் காட்டித்தான் கடன் வாங்கினேன். பதினான்கு மாதங்களில் மையத்தை மூடினேன்.

அந்த ஷீட்டில் ஒரு பார்முலா கூடத் தப்பு இல்லை. இன்றைக்கும் வைத்திருக்கிறேன், பலமுறை பார்த்து விட்டேன். தப்பு 40 என்ற எண்ணில் இருந்தது. அது நான் விசாரித்து அறிந்த எண் அல்ல, ஆசைப்பட்ட எண். கம்ப்யூட்டருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதே வேகத்தில், அதே அழகுடன் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும்.

ப்யூவல் செல் என்றால் என்ன?

செல் என்றதும் நம் வாசகர்களுக்கு செல்போனும், எக்ஸெல்லில் உள்ள கட்டமும் நினைவிற்கு வரும். இது மூன்றாவது செல். டார்ச் லைட்டில் போடும் பேட்டரி செல்லின் சொந்தக்காரர். வேறுபாடு என்னவென்றால், பேட்டரியில் உள்ள சரக்கு தீர்ந்தால் கரன்ட் நிற்கும். ப்யூவல் செல்லில் வெளியில் இருந்து எரிபொருளும் காற்றும் வந்து கொண்டே இருக்கும் வரை கரன்ட் வரும்.

சாலிட் ஆக்ஸைடு வகையில் நடுவில் இருப்பது ஒரு பீங்கான் தகடு. சிர்கோனியா என்ற பொருளில் சிறிதளவு யிட்ரியா கலந்து செய்வார்கள். சாதாரண வெப்பத்தில் இதில் எதுவும் நடக்காது. 800 டிகிரி செல்சியஸ் போன்ற வெப்பத்தில் ஆக்சிஜன் அயனிகள் இதன் வழியே ஊடுருவிச் செல்லும். ஒரு பக்கம் காற்று. மறுபக்கம் நிக்கல் கலந்த பூச்சில் ஹைட்ரஜன் அல்லது கார்பன் மோனாக்சைடு. காற்றுப் பக்கத்தில் இருந்து வரும் ஆக்சிஜன் அயனி எரிபொருளுடன் சேர்ந்து, தான் கொண்டு வந்த எலக்ட்ரான்களை விட்டுவிடும். அந்த எலக்ட்ரான்கள் வெளியே உள்ள ஒயர் வழியாகச் சுற்றி வருவதுதான் நமக்குக் கிடைக்கும் கரன்ட்.

இது கட்டுக்கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் வால்டர் நெர்ன்ஸ்ட் 1890களிலேயே இந்தப் பீங்கானைச் சூடாக்கி விளக்கு செய்தவர். 1937ல் பவர், பிரைஸ் என்ற இருவர் இதனை வைத்து ப்யூவல் செல் செய்து காட்டினார்கள். நம் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ஸ்ரீதர், அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நாசாவுக்காக, செவ்வாய்க் கிரகத்தில் ஆக்சிஜன் தயாரிக்கும் கருவியில் பணியாற்றினார். பின்னர் அதே வேலையைத் தலைகீழாகத் திருப்பி, எரிபொருளில் இருந்து கரன்ட் எடுக்கும் நிறுவனத்தை 2001ல் தொடங்கினார். அதுதான் 2010 பிப்ரவரியில் தன் பெட்டியை உலகிற்குக் காட்டிய புளூம் எனர்ஜி. 2021 ஏப்ரலில் நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டியில் இருந்த மாக்ஸி என்ற கருவி, செவ்வாயின் காற்றில் இருந்து ஆக்சிஜன் பிரித்தெடுத்தபோது பயன்பட்டதும் இந்தப் பீங்கான் வகைத் தொழில்நுட்பமே.

நமக்குப் பக்கத்திலும் ஆள் இருக்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்த மத்திய மின் வேதியியல் ஆய்வகம், 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. பேட்டரி, ப்யூவல் செல் எல்லாம் அவர்கள் துறை.

ஆக, அத்தானிடம் வந்தவர் சொன்ன பொருள் உண்மை. அவர் சொன்ன எண்கள் உண்மையா என்பதுதான் கேள்வி.

மாடல் எதற்கு?

இந்தத் துறையில் கம்ப்யூட்டர் மாடல் இல்லாமல் ஒரு அடி கூட நகர முடியாது. காரணம் என்ன? கரிமூட்டத்தை வைத்தே விளக்கலாம்.

மூட்டத்தில் தீ வைத்து மண் பூசி மூடிய பின், உள்ளே விறகு எந்த அளவு கரியாகி இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. திறந்தால் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பல். எனவே அத்தான் புகையைப் பார்ப்பார். வெள்ளையாக அடர்ந்து வந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. நீலம் பாய்ந்து மெலிந்தால் வெந்து விட்டது. வெளியே தெரியும் ஒரு அடையாளத்தை வைத்து, உள்ளே நடப்பதை மனதில் வரைந்து கொள்கிறார். அதுதான் மாடல்.

ப்யூவல் செல்லும் அப்படித்தான். 800 டிகிரியில் ஓடும் பெட்டிக்குள் ஒவ்வொரு இடத்திலும் சூட்டையும் வாயுவையும் அளக்க முடியாது. பீங்கான் என்பதால் அவசரமாகச் சூடேற்றினால் விரிசல் விடும். ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் பணமும் ஆகும். எனவே வெளியே தெரியும் வோல்டேஜ், கரன்ட், வாயுவின் அளவு ஆகியவற்றை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். காம்சால், ஆன்சிஸ் ப்ளூயண்ட் போன்ற பெரிய சாப்ட்வேர்கள் இதற்கு உள்ளன. ஓப்பன்ஃபோம் இலவசமாகவே கிடைக்கிறது. சிவப்பு, பச்சை, நீலமாகப் படம் காட்டுவது இந்த வகை சாப்ட்வேர்களின் வேலை.

அவற்றை வீட்டில் ஓட்டுவது புதியவர்களுக்குச் சிரமம். ஆனால் அவற்றின் மையத்தில் உள்ள கணக்கை எக்ஸெல்லில் பத்து நிமிடத்தில் போடலாம்.

நீங்களே போடலாம்

அக்கா மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு. அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவளும் நானும் செய்ததை அப்படியே தருகிறேன்.

800 டிகிரியில், 97 சதவீதம் ஹைட்ரஜனும் 3 சதவீதம் நீராவியும் ஒரு பக்கம், காற்று மறுபக்கம் இருந்தால், கரன்ட் எடுக்காதபோது ஒரு செல்லின் வோல்டேஜ் சுமார் 1.10. இதனை நெர்ன்ஸ்ட் சமன்பாடு தருகிறது. வேதியியல் படித்தவர்கள் அறிவார்கள். கரன்ட் எடுக்கத் தொடங்கியதும் வோல்டேஜ் குறையும். பீங்கானின் தடை ஒன்று, இருபக்கப் பூச்சுகளிலும் நடக்கும் வேதிவினையின் தயக்கம் ஒன்று. கூடுதலாக எடுத்தால் வாயு வந்து சேரும் வேகம் போதாமல் வரும் குறைவு இன்னொன்று. தொடக்கத்திற்கு, இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடையாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 ஓம் என வைத்துக் கொள்வோம்.

எக்ஸெல்லில் புதிய பைல் ஒன்றைத் திறந்திடவும். ஏ காலத்தில் இரண்டாவது வரியில் இருந்து 0, 0.1, 0.2 என 1.5 வரை டைப் செய்திடவும். இது ஒரு சதுர சென்டிமீட்டருக்கான ஆம்பியர். பி காலத்தில் சமக்குறி போட்டு, 1.10ல் இருந்து 0.5 பெருக்கல் ஏ2 என்பதனைக் கழிக்கும்படி பார்முலா அமைக்கவும். இது வோல்டேஜ். சி காலத்தில் ஏ2, பி2 இரண்டையும் பெருக்கவும். இது வாட். பின் பார்முலாக்களைக் கீழ் வரை இழுத்து விடவும். இன்சர்ட் மெனு சென்று சார்ட் பிரிவில் ஸ்கேட்டர் வகையைத் தேர்ந்தெடுத்தால் வளைவு வந்துவிடும்.

எங்களுக்குக் கிடைத்தது இதுதான்:

0.2 ஆம்பியர்: 1.00 வோல்ட், 0.20 வாட்.
0.5 ஆம்பியர்: 0.85 வோல்ட், 0.425 வாட்.
0.8 ஆம்பியர்: 0.70 வோல்ட், 0.56 வாட்.
1.1 ஆம்பியர்: 0.55 வோல்ட், 0.605 வாட்.
1.4 ஆம்பியர்: 0.40 வோல்ட், 0.56 வாட்.

நோட்டீஸில் சொன்ன 0.6 வாட் வந்துவிட்டது! அத்தான் முகத்தில் சிரிப்பு. "நான் சொன்னேன்ல?" என்றார். ஆனால் அது எங்கே வந்தது என்று பாருங்கள். வோல்டேஜ் 0.55க்கு இறங்கிய இடத்தில்.

80 சதவீதம் எங்கே?

இப்போது அடுத்த கணக்கு. ஹைட்ரஜனில் உள்ள வெப்ப ஆற்றல் முழுவதும் கரன்ட்டாக மாறினால் ஒரு செல்லின் வோல்டேஜ் 1.25 ஆக இருக்க வேண்டும். எனவே கிடைக்கும் வோல்டேஜை 1.25ஆல் வகுத்தால் எவ்வளவு பங்கு கரன்ட்டாக மாறியது என்று தெரியும். உள்ளே செலுத்தும் எரிபொருள் அத்தனையும் வேலை செய்வதில்லை. 80 சதவீதம் பயன்பட்டு மீதி வெளியேறுகிறது என்று வைத்துக் கொள்வது வழக்கமான அளவு. எனவே அந்த 0.8ஆல் பெருக்க வேண்டும்.

0.70 வோல்ட்டில்: 0.70ஐ 1.25ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்கினால் 0.448. அதாவது சுமார் 45 சதவீதம்.
0.55 வோல்ட்டில்: 35 சதவீதம்.

80 சதவீதம் வர வேண்டுமானால் வோல்டேஜ் எவ்வளவு இருக்க வேண்டும்? 1.25. ஆனால் கரன்ட்டே எடுக்காதபோது கூட 1.10தான் வருகிறது! கரிவாயுவில் அதிகம் இருப்பது கார்பன் மோனாக்சைடு. அதற்கு 1.25க்குப் பதில் 1.47ஆல் வகுக்க வேண்டும். அப்போது சதவீதம் இன்னும் குறையும்.

இயற்கை வாயுவில் ஓடும் நல்ல கருவிகள் 50 முதல் 60 சதவீதம் வரை கரன்ட்டாக மாற்றுகின்றன. செல்லில் வீணாகும் வெப்பத்தின் ஒரு பகுதியை, அந்த வாயுவைப் பிரிக்கவே பயன்படுத்திக் கொள்வதால் அது முடிகிறது. அங்கேயும் 80 இல்லை.

இந்த இடத்தில் நான் ஒரு அவசரக் காரியம் செய்தேன். "அத்தான், ஆள் ஏமாற்றுகிறான்" என்று சத்தமாகச் சொல்லி விட்டேன். அக்கா மகள்தான் நிறுத்தினாள். "மாமா, சூட்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால்?" என்றாள். அவள் கேட்டது சரி. 800 டிகிரியில் ஓடும் கருவியில் இருந்து வரும் வெப்பத்தையும் ஏதாவது வேலைக்குப் பயன்படுத்தினால், கரன்ட்டும் வெப்பமும் சேர்ந்து 80 சதவீதம் வரை போகலாம். போன் செய்து கேட்டோம். "ஆமாம், வெப்பமும் சேர்த்துத்தான்" என்று பதில் வந்தது. நோட்டீஸில் அந்த ஒரு வார்த்தை இல்லை.

சாயப்பட்டறைக்கு வெந்நீர் வேண்டும். அவர்களுக்கு அந்த வெப்பம் காசு. கரிமூட்டம் போடுகிறவருக்கு, அதுவும் எங்கள் ஊர் வெயிலில், வெந்நீர் எதற்கு? அவருக்கு அந்த 80 என்ற எண்ணில் பாதிதான் எண்.

கலர் படத்தில் தெரிந்ததும் தெரியாததும்

அடுத்து அந்தப் படம். அதில் தகடு முழுவதும் ஒரே மாதிரி கரன்ட் தருவது போல ஒரே நிறம் இருந்ததாக அத்தான் சொன்னார். ஆனால் எரிபொருள் உள்ளே நுழையும் இடத்தில் இருப்பது போல வெளியேறும் இடத்தில் இருக்காது. 80 சதவீதம் பயன்பட்டு முடிந்த இடத்தில் வாயுவின் பெரும்பகுதி நீராவி. அதே நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் அந்த அளவுகளைப் போட்டால் 1.10 என்பது 0.88 ஆகக் குறைகிறது.

தகட்டின் மேல் உள்ள உலோகம் எல்லா இடத்தையும் இணைப்பதால் வோல்டேஜ் எங்கும் ஒன்றுதான். அது 0.80 என்று வைத்தால், நுழைவாயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.60 ஆம்பியர், கடைசியில் 0.16 மட்டுமே. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ரூபாய் நாணயம் அளவுள்ள சிறு செல்லில், தாராளமாக வாயு விட்டு எடுத்த அளவை அப்படியே பெரிய தகட்டின் பரப்பால் பெருக்கினால் வரும் தப்பு இது. கண்மாயில் மடைக்குப் பக்கத்து வயலையும் கடைமடை வயலையும் ஒரே விளைச்சல் என்று கணக்கெழுதுவது போல.

கரிவாயுவில் இன்னும் சில சிக்கல் உண்டு. காற்றை ஊதித் தயாரிக்கும் வாயுவில் பாதி அளவு நைட்ரஜன், அது எரியாது. கந்தகம் சிறிதளவு வந்தாலும் நிக்கல் பூச்சின் வேலை கெடும். தார் வந்தால் பூச்சின் மேல் கரி படியும். விறகைவிடக் கரியில் தார் குறைவு என்பது நமக்குச் சாதகம். ஆனால் சுத்தம் செய்யும் கருவி வேண்டும். படத்தில் அந்தக் கருவி இல்லை, விலையிலும் இல்லை.

வளைவு பொருந்தினால் மாடல் சரியா?

மாடல் செய்பவர்கள், "சோதனையில் வந்த வளைவும் எங்கள் வளைவும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன" என்று காட்டுவார்கள். கல்லூரி மாணவர்களின் புராஜக்ட்களிலும் இதைப் பார்க்கலாம். இது போதுமா? போதாது என்பதே என் கருத்து. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

நம் 0.5 ஓம் தடையை இரண்டாகப் பிரியுங்கள். பீங்கானுக்கு 0.4, பூச்சுகளுக்கு 0.1 என்று ஒரு ஷீட். பீங்கானுக்கு 0.1, பூச்சுகளுக்கு 0.4 என்று இன்னொரு ஷீட். கூட்டல் ஒன்றே என்பதால் வளைவும் ஒன்றே. எது உண்மை என்று வளைவு சொல்லாது. இப்போது வெப்பம் 700 டிகிரிக்கு இறங்குகிறது. பீங்கானின் தடை இரண்டு மடங்கும், பூச்சுகளின் தடை நான்கு மடங்கும் கூடுவதாக வைத்துக் கொள்வோம். முதல் ஷீட்டில் மொத்தம் 1.2 ஓம், இரண்டாவதில் 1.8 ஓம். 0.5 ஆம்பியர் எடுத்தால் முதலாவதில் சுமார் 0.5 வோல்ட், இரண்டாவதில் 0.2 வோல்ட். ஒன்று ஓரளவு ஓடும். மற்றது நின்றுவிட்ட மாதிரிதான். 800 டிகிரியில் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தவை 700 டிகிரியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை!

எனவே ஒரு மாடலை நம்ப வேண்டுமானால், அது பார்த்துப் பழகிய வளைவைக் காட்டினால் போதாது. பழகாத ஒரு வெப்பத்தில், பழகாத ஒரு வாயுவில் என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பிறகு அளந்து பார்த்து, அது பொருந்த வேண்டும். நடந்து முடிந்த தேர்வின் விடைத்தாளைப் பார்த்து மார்க் வாங்குவதும், புதுத் தேர்வு எழுதி மார்க் வாங்குவதும் ஒன்றா?

இன்னொரு சின்ன எண்ணையும் கவனியுங்கள். "ஆயிரம் மணி நேரத்திற்கு ஒரு சதவீதம் மட்டுமே தேய்மானம்" என்று ஒருவர் சொன்னால் காதில் நன்றாகத்தான் விழும். இரவும் பகலும் ஓடினால் ஐந்து ஆண்டுக்கு 43,800 மணி. எக்ஸெல்லில் 0.99ஐ 43.8 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள். 0.64 வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. தவணை மட்டும் அப்படியே இருக்கும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ப்யூவல் செல் மட்டுமல்ல. சோலார் பேனல், சொட்டு நீர்க் கருவி, இன்சூரன்ஸ் திட்டம், பங்குச் சந்தை என எதற்காகவும் யாராவது உங்களுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குக் காட்டினால், இந்த நான்கையும் கேளுங்கள்.

1. இதில் எந்த எண்கள் அளந்தவை, எந்த எண்கள் நீங்கள் வைத்துக் கொண்டவை?
2. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டிய சொல் என்ன? கரன்ட் மட்டுமா, வெப்பமும் சேர்த்தா? முதல் நாளா, ஐந்தாவது ஆண்டா?
3. ஒரு எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் விடை எவ்வளவு மாறும்? என் முன்னாலேயே மாற்றிக் காட்ட முடியுமா?
4. இந்த மாடல் முன்கூட்டியே சொல்லி, பின்னர் அளந்து பார்த்துச் சரியாக இருந்த ஒரு இடத்தைக் காட்ட முடியுமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். உண்மையாக மாடல் செய்தவர் சந்தோஷமாக மாற்றிக் காட்டுவார். அது அவருக்குப் பிடித்த வேலை. வெறும் வீடியோ வைத்திருப்பவரால் முடியாது. வீடியோவில் எண்ணை மாற்ற முடியாதே! அத்தானிடம் வந்தவர் லேப்டாப்பில் இருந்தது வீடியோதான் என்பது, இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே எங்களுக்குத் தெரிந்தது. இன்று ஏ.ஐ. புரோகிராம்களிடம் கேட்டால் எந்த வளைவையும், எந்தக் கலர் படத்தையும் ஒரு நிமிடத்தில் வரைந்து தந்துவிடும். படம் வரைவது இவ்வளவு எளிதான காலத்தில், இந்த நான்கு கேள்விகளின் தேவை முன்பைவிட அதிகம்.

முடிவாக

சங்கிலி பீரோவிலேயே இருக்கிறது. அத்தான் இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒரு மனிதர் வைத்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டு உடைத்தால் கோபம் வரத்தான் செய்யும். என் 40 மாணவர் கணக்கை அன்று யாராவது உடைத்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். பின்னர் ஒருநாள் அவரே வந்து, "அந்த ஷீட்டுல கரி விலையையும் மூட்டக் கூலியையும் போட்டுப் பாக்க முடியுமா மாப்பிள்ளே?" என்றார். முடியும் என்றேன். மூட்டத்திற்குப் பத்து மூட்டை என்ற எண்ணை நான் டைப் செய்தபோது, கையைப் பிடித்து நிறுத்தினார். "பத்து நல்லா வெந்தா. ஈர விறகுன்னா ஏழுதான். ரெண்டையும் போடு" என்றார்.

நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான். ப்யூவல் செல் நல்ல தொழில்நுட்பம். ஒருநாள் எங்கள் கருவேலங்கரியிலும் அது ஓடலாம். அதற்கான மாடல் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாடல் என்பது முடிவு சொல்லும் நீதிபதி இல்லை. "இந்த எண் உண்மையாக இருந்தால், இது நடக்கும்" என்று சொல்லும் சாட்சி மட்டுமே. அந்த "இருந்தால்" என்ற சொல்லைக் கலர் படம் காட்டாது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அதனைக் காட்டும். இன்றைக்கே எக்ஸெல் திறந்து, மேலே தந்துள்ள மூன்று காலங்களையும் அமைத்துப் பாருங்கள். 0.5 என்பதனை 0.3, 0.8 என மாற்றிப் பாருங்கள். வளைவு எப்படி மேலும் கீழும் போகிறது என்று கவனியுங்கள். பிறகு உங்கள் வீட்டில் யாராவது கையெழுத்துப் போடத் தயாராக வைத்திருக்கும் நோட்டீஸை எடுத்து, அதில் உள்ள எண்களையும் அதே போல ஒரு ஷீட்டில் போடுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு வைத்துக் கொள்ளலாம்.